அரை நூல் வித்தியாசம்

இதை ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கைபேசியில் மணிக்கு ஒருமுறை அலாரம் அடிக்கிறது. அடித்ததும் எழுந்து, பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துவிட்டு வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். எதிர் இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

நான் தொழிலாகக் கால்பந்து விளையாடுகிறவன். மிட்ஃபீல்டர். கோல் போடுகிறவன் பெயர் பேப்பரில் வரும், கோலைத் தடுத்தவன் பெயரும் எப்போதாவது வரும். நடுவில் நின்று தொண்ணூறு நிமிடமும் ஓடுகிறவன் பெயர் மஞ்சள் அட்டை வாங்கினால்தான் வரும். பத்து வருடத்தில் ஆறு கிளப்புக்கு ஆடியிருக்கிறேன். எல்லாக் கிளப்பிலும் என்னைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: இவனுக்கு மூச்சு வாங்காது. அப்படிப் பேர் வாங்கிய நான், சென்ற ஏப்ரலில் திருத்தங்கலில் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஆறாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏழாவது படிக்கு மூச்சு இல்லை.

இப்போது நன்றாக இருக்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களைக் கடைசிவரை பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. காலை வைத்துப் பிழைக்கிற தம்பிகள் யாராவது இதைப் படித்துவிட்டு, நான் செய்த முட்டாள்தனத்தைச் செய்யாமல் இருந்தால் அதுவே போதும்.

மார்ச் கடைசியில் வடகிழக்கில் ஒரு மலை ஊரில் ஆடும்போது இடது கணுக்கால் பிசகியது. எலும்பு முறியவில்லை, ஜவ்வு கொஞ்சம் கிழிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு, மூன்று வாரம் ஊன்றக் கூடாது என்று சொல்லி ஊருக்கு அனுப்பினார்கள். விமான டிக்கெட் எடுத்துத் தருகிற அளவுக்கு எங்கள் கிளப் பெரியது இல்லை. மூன்று நாள் ரயில். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். குலுங்குகிற ரயிலில் ஊன்றுகோலோடு அங்கே போவதைவிட, நடுவர்களோடு வாக்குவாதம் செய்வது சுலபம். ஆகவே நான் தண்ணீரே குடிக்கவில்லை. இடத்தைவிட்டு அசையவும் இல்லை. ஊர் வந்து இறங்கியபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, திருத்தங்கலில் காலண்டர் பிரஸ் இருக்கிறது. தினசரித் தாள் காலண்டர்தான் பிரதானம். மெஷினில் அச்சடிக்கப் பத்துப் பேர் வைத்திருந்தாலும், கட்டிங் மெஷினில் வெட்டி வருகிற அட்டையை அவர்தான் கண்ணால் பார்த்து வெளியே அனுப்புவார். நூல் என்பது எங்கள் தொழிலில் ஓர் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஓரம் அரை நூல் கோணிப்போனதற்காக, வண்டியில் ஏற்றிய ஒரு லோடு முழுவதையும் இறக்கச் சொன்னவர் அவர். என் ஆட்டத்தை மட்டும் அவர் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. "காலால பொழைக்கிறதெல்லாம் ஒரு பொழப்பாலே?" என்று கேட்பார். நான் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவேன்.

அந்தப் பிரஸ்ஸிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அச்சு மெஷினில் மை தடவுகிற ரப்பர் ரோலர் தேய்ந்துபோனால் கழற்றிப் போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூட டீமில் ஆடிய காலத்தில் அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். தரையில் போட்டு, அதன்மேல் கெண்டைக்காலை வைத்து முன்னும் பின்னும் உருட்டினால் இறுகிய தசை இளகும். கிளப்புகளில் தசைக்கு வைத்தியம் பார்க்கிற ஃபிசியோக்கள் இதற்கென்றே ஸ்பாஞ்சில் உருளை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் ரோலருக்கு முன்னால் அதெல்லாம் தலையணை என்று ஆறு கிளப்பிலும் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

கட்டைப் பிரித்ததும் இடது கெண்டைக்கால் வலித்தது. மூன்று வாரம் சும்மா கிடந்த தசை இறுகிவிட்டது என்று நானே தீர்மானித்து, ரோலரை எடுத்தேன். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம், பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டினேன். மூன்றாம் நாள் கால் வீங்கிச் சூடாக இருந்தது. என் மனைவி சம்சாத் கணக்கு டீச்சர், எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவள்.

"மச்சான், இது சரியாத் தெரியல. டாக்டர்ட்ட ஒரு எட்டு காட்டிருவோம்."

"ஆறு கிளப் ஃபிசியோட்ட பாடம் கேட்டவன்டி நான். வீங்குனா ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம்."

இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை விடவில்லை. சாம்பாரில் உப்புக் கூடிப்போச்சு என்று நான் சொன்னாலும், "ஆறு கிளப் ஃபிசியோட்ட கேட்டீகளா?" என்கிறாள்.

ஐந்தாம் நாள்தான் அந்த மாடிப்படி. மூச்சை இழுத்தால் வலது விலாவில் ஊசி குத்துவதுபோல் இருந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும்போது ஐம்பதைத் தாண்டாத நாடி, நூற்றிருபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊரைச் சுற்றியிருக்கிற கம்பெனிகளின் பட்டாசுப் புகை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பயிற்சி விட்டுப்போனதால் வந்த தளர்ச்சி என்றேன் நான்.

அந்த நேரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அத்தா வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழ்ப்படியில் நின்றபடி என் கால்களையே பார்த்தார்.

"ஏலே, ரெண்டு காலும் ஒண்ணுபோல இல்லையே."

அவர் சட்டைப்பையில் எப்போதும் கட்டிங்கில் கழிந்த தாள் நாடாக்கள் இரண்டு மூன்று கிடக்கும். ஒன்றை எடுத்து என் இடது கெண்டைக்காலைச் சுற்றி, முனை தொடும் இடத்தில் நகத்தால் கீறிக் கிழித்தார். இன்னொன்றால் வலது காலை அளந்தார். இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்று மற்றதைவிட ஒன்றரை அங்குலம் நீளமாகத் தொங்கியது. அரை நூல் பிசகினாலே சத்தம் போடுகிற மனிதர் அப்போது சத்தமே போடவில்லை. நாடாக்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"வண்டிய எடுக்கச் சொல்லுதேன். விருதுநகர் போவோம்."

"தசைப்பிடிப்புத்தான் அத்தா. இன்னொரு தரம் உருட்டுனா..."

"அந்த ரோலரத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன். காலத் தொடாதலே. யாரும் தொடாதீக!"

விருதுநகரில் எங்களைப் பார்த்த மருத்துவர் ஐம்பது வயதுள்ள பெண்மணி, அளந்து பேசுகிறவர். டேப்பை எடுத்து என் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தார். அத்தா தாள் நாடாக்களை நீட்டினார். மருத்துவர் அவற்றை டேப்பின்மேல் வைத்துப் பார்த்தார்.

"யார் அளந்தது?"

"நாந்தாம்மா."

"கொஞ்சமும் பிசகாம அளந்திருக்கீங்க. இவரை நடக்க விடாதீங்க. வீல்சேர்."

பத்து வருடமாக ஓடிப் பிழைத்தவனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளினார்கள். அதிலிருந்து பரிசோதனைகள்தான். ஈசிஜி எடுத்தார்கள். ரத்தக்கட்டி கரையும்போது அதன் துணுக்குகள் ரத்தத்தில் மிதக்குமாம், அது இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். காலில் குளிர்ந்த பசையைத் தடவி, டாப்ளர் ஸ்கேன் கருவியால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் வந்ததும் ஸ்கேன் பார்த்த பெண் பேச்சை நிறுத்திவிட்டார். மேல்நாட்டுக் கிளப்புக்கு ஆடுகிறீர்களா என்று அதுவரை சிரித்துக்கொண்டே கேட்டவர். அவர் பேசாமல் போனபோதுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. கடைசியில் கையில் ஊசிவழி மருந்தேற்றி நெஞ்சுக்கு சிடி ஸ்கேன். மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் சூடாகி, கால்சட்டையிலேயே சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். போயிருக்காது. யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

மருத்துவர் வந்து கட்டிலின் ஓரத்தில் நின்று சொன்னார். கால் அசையாமல் கிடந்ததாலும், உடம்பில் தண்ணீர் குறைந்ததாலும் கெண்டைக்காலின் ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறது. அதில் துண்டுகள் உடைந்து, இதயம் வழியாகப் போய் நுரையீரல் குழாய்களை அடைத்திருக்கின்றன. இப்போது அடைத்திருப்பவை சிறியவை. காலில் மிச்சமிருப்பது பெரியது.

"காலை ஏதும் தேய்ச்சீங்களா?"

சம்சாத் என்னைப் பார்த்தாள். நான் ரோலர் கதையைச் சொன்னேன். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். அதிகம் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எப்ப ஆடலாம் டாக்டர்?"

"முதல்ல மூச்சு விடுங்க. பந்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

ஐந்து நாள் படுக்கை. ரத்தம் மேலும் உறையாமல் இருக்க வயிற்றில் இரண்டு வேளை ஊசி. தொப்புளைச் சுற்றி நீலம் நீலமாகக் கன்றிப்போனது. இரவுகளைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. தூங்கினால் அந்தப் பெரிய கட்டி நகர்ந்துவிடும் என்று நினைத்து விழித்திருந்தேன். முழித்திருந்தால் அது நகராதா என்ன? பயத்துக்குக் கணக்கு வராது. சம்சாத் தரையில் படுத்துக்கொண்டு, கட்டிலிலிருந்து தொங்கும் என் கையைப் பிடித்தபடியே தூங்குவாள். நான் அசைந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

மைதானத்தில் அடிபட்டால்தான் கிளப் காப்பீடு. ரயிலில் தண்ணீர் குடிக்காததற்கு இல்லை. பில்லை அத்தா வாங்கிப் பார்த்து, மடித்து, என்னிடம் காட்டாமல் பையில் வைத்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் போர்மேன் மாரிமுத்து அண்ணாச்சி இருந்தார். பித்தப்பைக் கல்லை எடுத்துத் தையல் போட்டுக் கிடந்தவர். பார்வை நேரத்தில் தன் சாத்துக்குடியில் பாதியை எனக்குத் தந்துவிட்டு, என் கதையை முழுதாகக் கேட்டார்.

"தம்பி, கோவிச்சுக்கிடாதீக. எங்க கம்பெனியில நேத்துச் சேந்த பிள்ளகூட இந்த வேலையச் செய்யாது. வெடிமருந்து எங்கனயாச்சும் இறுகிக் கெடந்தா உரசவே மாட்டோம். கையக் கட்டிக்கிட்டு வெளிய வந்துட்டு, விவரம் தெரிஞ்ச ஆளக் கூப்பிடுவோம். நீக என்னடான்னா ரோலர வச்சு உருட்டியிருக்கீக!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்தால் தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, விலாவில் குத்தியது. இரண்டு பேரும் வலியோடு சிரித்ததைப் பார்த்து நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் மருத்துவர் கேட்டார். "குடும்பத்துல யாருக்காவது இப்படி ரத்தம் உறைஞ்சிருக்கா? சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா?"

இல்லை என்று நான் சொன்னேன். அத்தா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். மருத்துவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அங்கே முடித்துவிட்டு அவர் வெளியே போகும்போது அத்தா வழியில் நின்று, உள்ளே கூட்டி வந்தார். என் முன்னாலேயே சொன்னார்.

"என் தம்பிம்மா. முப்பது வயசு. பைக்ல விழுந்து கால்ல கட்டுப் போட்டிருந்தான். கட்டப் பிரிச்சதும் கெண்டக்கால் வீங்கி இருந்துச்சு. 'வலிக்குதுண்ணே'ன்னு சொன்னான். நாந்தான் எண்ணெய போட்டு உருவிவிட்டேன். மறுநா கடை வாசல்லயே விழுந்துட்டான். மாரடைப்புன்னாக. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்... நெனச்சுக்கிட்டேன்னு சொல்லிக்கிட்டேன்."

அந்தத் தம்பி, என் சின்னத்தா, இறந்தபோது எனக்கு எட்டு வயது; மாரடைப்பு என்றே கேட்டு வளர்ந்ததால் மருத்துவர் கேட்டபோது அவர் என் நினைவுக்கே வரவில்லை. எனக்கு முதல் பந்து வாங்கித் தந்தவர் அவர்தான். அத்தா என் ஆட்டத்தைப் பார்க்க ஏன் வந்ததில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை. ஆனால் மாடிப்படியில் என் முகத்தைவிட்டுவிட்டுக் காலை மட்டும் ஏன் பார்த்தார் என்பது அப்போது விளங்கியது. இருபது வருடமாக அவர் கண்ணில் அந்தக் கால் இருந்திருக்கிறது.

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். பிறகு, "நீங்க உருவினதாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. அன்னைக்கு உங்களுக்குத் தெரியாது. இன்னைக்குத் தெரிஞ்சுது, அதனாலதான் இவர் இங்க உட்கார்ந்திருக்கார்" என்றார். அத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு மருத்துவர் என்னிடம் விஷயத்தை விளக்கினார். ஆறு மாதம் ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிட வேண்டும். அதைச் சாப்பிடும்வரை மோதி ஆடக் கூடாது. தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். கட்டும் பயணமும்தான் காரணம் என்றால் ஆறு மாதத்தோடு மாத்திரையை நிறுத்திவிடலாம். சின்னத்தா கதையைக் கேட்டதும் வேறொரு சந்தேகம் அவருக்கு வந்திருந்தது. ரத்தம் சீக்கிரம் உறைகிற தன்மை சில குடும்பங்களில் வழிவழியாக வரும். அது இருந்தால் ஆயுளுக்கும் மாத்திரை. அந்தச் சோதனைகளில் சிலவற்றை மாத்திரையை நிறுத்திய பிறகுதான் செய்ய முடியும்.

ஆயுளுக்கும் மாத்திரை என்றால் பந்து முடிந்தது. உயிரோடு இருக்கிறாயே, அது போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். போதும் என்று காலையில் தோன்றும், போதாது என்று மாலையில் தோன்றும். மாலையில்தானே மைதானத்துக்குப் போவோம்.

அந்த ஆறு மாதம் பிரஸ்ஸில் உட்கார்ந்து தாள் அடுக்கினேன். ஆடிப் பெருக்கன்று புதிய வருடத்து மாதிரி ஆல்பம் வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்குப் படம் தேர்ந்தெடுக்க உதவினேன். சாமிப்படம், இயற்கைக் காட்சி, குழந்தைப் படம் எல்லாம் இருந்தன. பந்தாட்டப் படம் ஒன்றை நைசாக நடுவில் சொருகினேன். அத்தா எடுத்து வெளியே போட்டார். கோச் மாதம் ஒருமுறை போன் செய்து, உன் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன் என்பார். பிறகு போன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. என் இடத்தில் ஒரு பையன் நன்றாக ஆடுகிறான் என்று பேப்பரில் வந்தது. மஞ்சள் அட்டை வாங்காமலேயே அவன் பெயர் வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா தொழுதுவிட்டு வந்ததும் அத்தா என்னை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு கெண்டைக்கால்களையும் நாடாவால் அளப்பார். இரண்டு நாடாக்களையும் சேர்த்துக் குத்தி ஆணியில் மாட்டுவார். வித்தியாசம் ஓர் அங்குலமானது, அரை அங்குலமானது, இரண்டு நூலானது. மாட்டிவிட்டு, "சாப்பிடு" என்பார்.

அக்டோபரில் மாத்திரையை நிறுத்தி, மூன்று வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை இல்லாத அந்த மூன்று வாரமும் நான் மணிக்கொருதரம் காலைத் தடவிப் பார்க்கப் போவேன், சம்சாத் கையில் ஓர் அடி வைப்பாள். "தொடாதீகன்னா தொடாதீக!"

தீபாவளி முடிந்த வாரம் முடிவு வந்தது. பட்டாசுக் கம்பெனிகள் ஓய்ந்து, காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கிற நேரம். ஆர்டர் லோடுகள் வாசலில் நிற்க, அத்தா கையில் மையோடு எங்களோடு கிளம்பி வந்தார். மருத்துவர் தாள்களைப் புரட்டினார். நான் சம்சாத்தின் கையைப் பிடித்திருந்தேன். பெனால்டி அடிக்கிறவனைப் பார்க்கும்போதுகூட நான் அப்படிக் கண்ணை மூடியதில்லை.

"எல்லாம் நார்மல். பரம்பரையா எதுவும் இல்லை. கால் ரத்தக்குழாயும் நல்லாத் திறந்திருக்கு. ஆடலாம்."

சம்சாத் தலையை மேஜையில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மருத்துவர் தன் போக்கில் விதிகளைச் சொல்லிக்கொண்டே போனார்: பயணத்தில் மணிக்கு ஒருமுறை நட, தண்ணீர் குடி, மறுபடி கட்டுப் போட நேர்ந்தால் முதலில் எனக்குச் சொல், ரோலரைக் கண்ணில் காட்டாதே. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சந்தோஷத்தில் பாதி காதில் விழவில்லை, சம்சாத்தான் பிறகு எழுதித் தந்தாள்.

அத்தா மட்டும் அசையவில்லை. சட்டைப்பையிலிருந்து அன்று காலை அளந்த இரண்டு நாடாக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அம்மா, இன்னும் ஒண்ணுபோல ஆகல. அரை நூல் வித்தியாசம் இருக்கு."

மருத்துவர் நாடாக்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எந்தக் காலால பந்து அடிப்பீங்க?"

"இடது கால் டாக்டர்."

"பெரியவரே, உங்க மகன் இந்தக் காலாலதான் இத்தனை வருஷமா சம்பாதிக்கிறார். அது கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். இது நோய் இல்லை, வேலை."

அத்தா நாடாக்களை எடுத்து நுனியைச் சேர்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அரை நூலுக்காக ஒரு லோடைத் திருப்பி இறக்கிய மனிதர். பிறகு இரண்டையும் மடித்து என் சட்டைப்பையில் வைத்தார்.

"சரிலே. அந்த அரை நூலோட போயி ஆடு. மேட்ச் என்னைக்குன்னு சொல்லு, நானும் வாரேன்."